ராத்திரி இழுப்புக்கு சாயங்காலத்தில் காரணம் தேடுங்கள்: பெங்களூரு வீட்டில் ஆஸ்துமா அலர்ஜியைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்குப் பரணில் இருந்த சாமான்களை இறக்கி ஒட்டடை அடித்தேன். தும்மல் வந்தது, போய்விட்டது. இரவு தயிர்சாதம் சாப்பிட்டேன். 11 மணிக்கு நெஞ்சு இறுகி, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். "ராத்திரியில தயிர் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது" என்றார் மாமியார். அடுத்த மூன்று வருடம் எங்கள் வீட்டில் இரவில் தயிர் கிடையாது. இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

தயிரின் மேல் தப்பு இல்லை. அது சாயங்காலத் தூசி செய்த வேலை. இது புரிந்த பிறகு, எனக்கும் அல்சூரில் எங்கள் தெருவில் கேட்டவர்களுக்கும் ஏழெட்டு முறை இந்தத் தேடலைக் கூடவே உட்கார்ந்து செய்து பார்த்தாயிற்று. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் ஏர் ப்யூரிஃபையர் வாங்குகிறார்கள். கடைசியில் வந்து இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று கேட்கிறார்கள். அதனால் கீழே இருப்பதை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்துமா என்று டாக்டர் உறுதி செய்து மருந்து எழுதித் தந்தவர்களுக்கான வீட்டு வேலை இது. இன்னும் உறுதியாகாதவர்கள் முதலில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று அளக்கும் டெஸ்ட்) செய்துகொள்ளுங்கள். வீசிங் எல்லாமே ஆஸ்துமா இல்லை. அரசு மருத்துவமனை வேண்டும் என்பவர்களுக்கு நிமான்ஸ் பக்கத்தில் ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது.

1. முதலில் ஆபத்துக் காலத் தாள்

தேடல் தொடங்கும் முன் ஒரு தாளை எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மூச்சு முட்டும்போது யாருக்கும் யோசிக்க வராது, கூட இருப்பவர்களுக்கும்தான்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்குகிறது, ஆக்சிமீட்டரில் அளவு 94-க்குக் கீழே போகிறது, மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும் நீல இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை: இதில் எது நடந்தாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். 108-க்கு அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் எமர்ஜென்சிக்குப் போங்கள். டாக்டர் எழுதித் தந்த அளவை வழியிலேயே எடுக்கலாம். நீல இன்ஹேலராகச் சால்புட்டமால் வைத்திருப்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது, ஸ்பேசரில் (பம்ப்பின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) ஒவ்வொரு பஃப்பாக 4 பஃப். 20 நிமிடத்தில் மறுபடியும் அதே போல். உங்கள் அளவு என்ன என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றாக இழுப்பு இருந்தவருக்குச் சத்தம் திடீரென்று நின்றுபோய், ஆளும் சோர்ந்து கிடந்தால் குணமாகிவிட்டது என்று படுக்க வைக்காதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக் கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், ஒரு நோட்டு, அறையின் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர். இவ்வளவு போதும். பீக் ஃப்ளோ மீட்டர் என்பது மூச்சை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ள முடிகிறது என்று அளக்கும், பேட்டரி இல்லாத பிளாஸ்டிக் குழாய். மருந்துக் கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளால் அதைச் சரியாக ஊத முடியாது. அவர்களுக்கு இரவு இருமல், விளையாடும்போது இரைப்பு, மருந்து எடுத்த தடவை மூன்றையும் நோட்டில் குறித்தாலே போதும்.

மெத்தை உறை, ஹெப்பா ஃபில்டர் வைத்த மெஷின், கரப்பான் மருந்து எதையும் இப்போது வாங்காதீர்கள். உங்களுக்கு எது ஆகவில்லை என்றே இன்னும் தெரியாது.

3. கடிகாரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு பகுதி புரிந்தால்தான் நோட்டைப் படிக்க வரும்.

அலர்ஜி உள்ளவரின் உடம்பு ஒரு குறிப்பிட்ட துகளுக்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கும். மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அந்தத் துகள் உள்ளே போய் அதன் மேல் பட்டதும் செல் ஹிஸ்டமினையும் லூகோட்ரையீன்களையும் கொட்டுகிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இது சில நிமிடங்களில் தொடங்கி, அரை மணிக்குள் உச்சம் தொட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். இது முதல் அலை. தசையைத் தளர்த்தும் நீல இன்ஹேலருக்கு இது கேட்கும்.

அடங்கிவிட்டது என்று நாம் சமைக்கப் போய்விடுகிறோம். உள்ளே வேலை முடியவில்லை. கொட்டிய ரசாயனங்கள் ரத்தத்திலிருந்து ஈசினோஃபில் போன்ற செல்களைக் கூப்பிடுகின்றன. 3 முதல் 8 மணி நேரம் கழித்து அவை வந்து சேர்ந்து, குழாயின் உள்தோல் வீங்கி, சளி கட்டுகிறது. இது இரண்டாவது அலை. ஒரு நாள் வரைகூட நீடிக்கும். இதில் தசை இறுக்கத்தோடு வீக்கமும் இருப்பதால் நீல இன்ஹேலர் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லோருக்கும் இரண்டாவது அலை வருவதில்லை. முதல் அலை வரும் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். வந்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அடுத்த பல நாட்களுக்கு மூச்சுக்குழாய் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும். வழக்கமாக ஒன்றும் செய்யாத குளிர்காற்றும் தாளிப்புப் புகையும் அப்போது இழுப்பைக் கொண்டுவரும்.

என் பரண் கதையை இப்போது கூட்டிப் பாருங்கள். 5 மணிக்குத் தூசி, 11 மணிக்கு இழுப்பு. ஆறு மணி நேரம். நடுவில் வந்த தயிர்சாதம் மாட்டிக்கொண்டது. இப்படித்தான் வாழைப்பழமும் ஃப்ரிட்ஜ் தண்ணீரும் வீட்டுக்கு வீடு பழி சுமக்கின்றன. சாப்பாட்டு அலர்ஜி என்பது வேறு. சாப்பிட்ட உடனே வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தி என்று காட்டும். வெறும் இழுப்பாக மட்டும் வருவது அபூர்வம்.

4. அலர்ஜியையும் எரிச்சலையும் பிரித்து எழுதுங்கள்

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். தூசி உண்ணி (மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்), கரப்பான், பூஞ்சை, மகரந்தம், பூனை, நாய் இவை அலர்ஜிப் பத்தி. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, மிளகாய் தாளிப்பு, பினாயில், சென்ட், சிகரெட், டிராஃபிக் புகை இவை எரிச்சல் பத்தி.

பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எரிச்சல் தருபவை ஐஜிஇ வழியாக வேலை செய்வதில்லை. அதனால் எந்த அலர்ஜி டெஸ்டிலும் அகப்படாது, பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும், தள்ளிப் போனால் குறையும். இதற்கு டெஸ்ட் தேவையில்லை, நிறுத்தினால் போதும். சாமி அறையில் ஊதுபத்திக்குப் பதில் விளக்கு மட்டும் ஏற்றுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. நடத்துங்கள். அது ஓசியில் கிடைக்கும் பலன்.

5. வீட்டைக் குறை சொல்லும் முன் இன்ஹேலரைப் பாருங்கள்

என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேரின் தேடல் இந்தப் படியிலேயே முடிந்துபோனது. மருந்து நெஞ்சுக்குள் போகவே இல்லை, தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்பேசர் வைத்த பம்ப் என்றால்: நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு வாயில் பொருத்துங்கள். ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக, நான்கைந்து எண்ணும் நேரம் உள்ளே இழுங்கள். 10 எண்ணும்வரை அடக்குங்கள். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்தது. இரண்டு பஃப்பை ஒன்றாக அழுத்துவது தப்பு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசர் சுவரிலேயே தங்கிவிடும்.

கேப்ஸ்யூல் போடும் ரோட்டாஹேலர் இதற்கு நேர் எதிர். மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது. வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை ஊதவும் கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டியாகும். பம்ப்பிலிருந்து ரோட்டாஹேலருக்கு மாறியவர்கள் பழைய வேகத்திலேயே இழுத்துவிட்டு "இது எனக்குச் சரிப்படலை" என்கிறார்கள்.

ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் அப்படியே காய விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரில் பிடித்து வைத்துக்கொள்ளும். டப்பா தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தப்பான கணக்கு. டோஸ் கவுண்டரைப் பாருங்கள். கவுண்டர் இல்லையென்றால் தொடங்கிய தேதியை டப்பாவிலேயே எழுதி எண்ணுங்கள்.

நீல இன்ஹேலர் மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்கள் டாக்டரை மறுபடி பாருங்கள். ஸ்டீராய்டு இல்லாமல் அதை மட்டும் நம்பியிருக்கும் முறையை 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி பரிந்துரைப்பதில்லை.

இழுக்கும் முறையைத் திருத்தியபின் இரண்டு மூன்று வாரம் சும்மா இருங்கள். வீக்கம் குறைய அவ்வளவு நாளாகும். அதற்குள் அளக்கத் தொடங்கினால், மூச்சு தேறியது மருந்தாலா வேறு எதனாலா என்று பிரிக்க முடியாது.

6. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் அளவெடுங்கள்

காலை எழுந்ததும் இன்ஹேலருக்கு முன்பும், மாலை ஒரே நேரத்திலும் ஊத வேண்டும். நின்றுகொண்டு, முள்ளைக் கீழே இறக்கி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, உதட்டை இறுக்கி, ஒரே ஊதலில் பட்டென்று. நீளமாக ஊதத் தேவையில்லை. தொடக்கத்தில் வரும் உச்ச வேகத்தைத்தான் கருவி அளக்கிறது. மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். சராசரி போடாதீர்கள். ஒருமுறை சோம்பலாக ஊதியதெல்லாம் சராசரியில் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

குழந்தைகள் நாக்கால் துளையை அடைத்துத் துப்புவது போல ஊதினால் எண் பொய்யாக எகிறும். கூட நின்று பாருங்கள். ஒரு கருவியில் தொடங்கியதை இன்னொன்றில் முடிக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி காட்டாது.

ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தை இப்படிக் கணக்கிடலாம். மாலை 380, காலை 310 என்று வையுங்கள். வித்தியாசம் 70, இரண்டின் சராசரி 345. 70-ஐ 345-ஆல் வகுத்தால் சுமார் 20 சதவீதம். இரண்டு வாரத்துக்கும் இப்படிப் போட்டுச் சராசரி எடுங்கள். பெரியவர்களுக்கு 10-க்கு மேல், குழந்தைகளுக்கு 13-க்கு மேல் இருந்தால் மூச்சுக்குழாய் இன்னும் நிலையாக இல்லை.

உங்கள் நல்ல நாளின் உச்ச எண்ணையும் தனியாகக் குறித்து வையுங்கள். ஏதாவது ஒரு நாள் அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 50-க்குக் கீழே போனால் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் தாளைப் பாருங்கள்.

இந்த இரண்டு வாரமும் வழக்கம்போலவே வாழுங்கள். முதல் நாளே வீட்டைத் துடைத்து, மெத்தையை மாற்றி, நாயை ஊருக்கு அனுப்பிவிட்டு அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

7. நோட்டைப் பின்னோக்கிப் படியுங்கள்

எண் சரிந்த ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து, முந்தின 12 மணி நேரத்துக்குப் போங்கள். சரிவுக்கு அரை மணி முன்பு என்ன நடந்தது, 3 முதல் 8 மணி நேரம் முன்பு என்ன நடந்தது என்று இரண்டு கேள்வி. ஒரே ஒரு முறை பொருந்தினால் விட்டுவிடுங்கள்; மூன்று முறை பொருந்தினால் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

இந்த ஊரில் திரும்பத் திரும்பப் பார்த்த சில கோலங்கள். காலையில் எழும்போதே மூக்கடைப்பும் குறைந்த எண்ணும், வெளியே போனால் தெளிவு என்றால் படுக்கையில் தூசி உண்ணி. ஜூன் மழை தொடங்கி முதல் குளிரில் ஸ்வெட்டரையும் ரஜாயையும் பரணிலிருந்து எடுத்த வாரம் சரிந்தால் அதுவும் பெரும்பாலும் தூசி உண்ணிதான், சிலசமயம் பூஞ்சை. செப்டம்பர், அக்டோபரில் வடக்குப் பார்த்த சுவர் கறுத்த அறையில் மட்டும் மோசம் என்றால் பூஞ்சை. அடுப்படி மேடையைச் சுத்தம் செய்த இரவுகளில் என்றால் கரப்பான்.

வேலூருக்கோ சேலத்துக்கோ ஒரு வாரம் போய் நன்றாக இருந்தால் "பெங்களூரு கிளைமேட் ஒத்துக்கலை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோடையில் அங்கே காற்று காய்ந்து கிடக்கும், தூசி உண்ணிக்கு அது ஆகாது. உங்கள் படுக்கையும் அங்கே இல்லை. ஊரை மாற்றாமல் படுக்கையை மாற்றியே தீர்ந்த கதைகள் உண்டு.

8. டெஸ்ட்: பட்டியலோடு போங்கள்

இப்போது அலர்ஜி டாக்டரிடம் போகலாம். நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள், ஏனென்றால் டெஸ்ட் சொல்வது பாதிதான். ஸ்கின் பிரிக் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் அந்தப் பொருளுக்கு உங்கள் உடம்பு ஐஜிஇ செய்து வைத்திருக்கிறது என்று மட்டுமே தெரியும். உங்கள் இழுப்புக்கு அதுதான் காரணமா என்பதை நோட்டு சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் பொருளுக்கு மட்டும் பணம் செலவழியுங்கள்.

முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ்.

செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் தடிப்பே வராது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இந்த வகை மருந்து கலந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் "எல்லா அலர்ஜி மருந்தையும் நிறுத்திட்டு வாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இன்ஹேலரையும் விட்டுவிட்டு, டெஸ்டுக்குப் பதில் எமர்ஜென்சிக்குப் போனார். இழுப்பு கட்டுக்குள் இல்லாத நாளில் இந்த டெஸ்ட் செய்யக் கூடாது. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கலாம். மாத்திரை அதைப் பாதிக்காது.

நூற்றுக்கணக்கான சாப்பாட்டுப் பொருளுக்கு ஐஜிஜி (இது ஐஜிஇ இல்லை, வேறு வகை எதிர்ப்பொருள்) பார்த்துத் தரும் பேக்கேஜ்களை வாங்காதீர்கள். ஐஜிஜி இருந்தால் அதை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள், அவ்வளவுதான்.

9. தூசி உண்ணி என்றால்: படுக்கையறையிலிருந்து

டஸ்ட் மைட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கால் மில்லிமீட்டர் நீளம், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். நமக்கு அலர்ஜி தருவது முக்கியமாக அதன் கழிவு உருண்டைகள். அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருந்துதான் ஈரம் உறிஞ்சும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே வாரக்கணக்கில் இருந்தால் காய்ந்து சாகும். பெங்களூருவின் மழை மாதங்களில் அந்த அளவுக்கு வீடு காயாது. மீட்டரை வைத்துப் பாருங்கள், புரியும்.

கழிவு உருண்டைகள் கனமானவை. மெத்தையை உதறினால் எழும்பி, அரை மணிக்குள் கீழே படிந்துவிடும். அதனால்தான் இதற்கு ஏர் ப்யூரிஃபையர் பெரிதாக உதவாது. அது காற்றைச் சுத்தம் செய்கிறது. சரக்கு இருப்பதோ உங்கள் கன்னத்துக்கு அடியில்.

வரிசை இதுதான். முதலில் தலையணை, மெத்தைக்கு நெருக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்த உறை. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை உறைக்குள் திணிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். இரண்டாவது, விரிப்பும் உறையும் வாரம் ஒருமுறை வெந்நீரில். 55 முதல் 60 டிகிரி வேண்டும். கை பொறுக்கும் சூடு போதாது. வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் கீசர் தண்ணீரைக் கொஞ்சம் காய்ச்சிக் கலந்து ஊற வையுங்கள். மூன்றாவது, துணி பொம்மை. துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தால் உண்ணி சாகும். ஆனால் செத்த உண்ணியும் கழிவும் அதிலேயே இருக்கும், அதனால் அப்புறம் அலசிக் காயப்போட வேண்டும். வெயில் விஷயத்திலும் இதேதான். மொட்டைமாடி வெயில் உண்ணியைக் கொல்லும். கழிவை எடுத்துப் போகாது.

நான்காவது, கட்டிலடி, பரண். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அலர்ஜி உள்ளவர் இதைச் செய்ய வேண்டாம். வேறு ஆள் இல்லையென்றால் என்95 மாஸ்க் போட்டு, காலையில் செய்யுங்கள். மாலையில் செய்தால் இரண்டாவது அலை நீங்கள் தூங்கும் நேரத்தில் வந்து நிற்கும்.

வெறும் உறை மட்டும் வாங்கிப் போட்டால் பெரியவர்களுக்குப் பலன் தெரிவதில்லை என்று பெரிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நான்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும். முடியாது என்றால், கோரைப்பாயும் துவைக்கக் கூடிய மெல்லிய ஜமுக்காளமும் போதும். நான் அதில்தான் படுக்கிறேன். முதுகுவலிக்காரர்கள் திட்டுவார்கள்.

10. கரப்பான், பூஞ்சை, புறா, பூனை

கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஸ்ப்ரேயே எரிச்சல் தந்து இழுப்பைக் கிளப்பும். ஜெல் மருந்தைச் சிங்க் அடியிலும் கேஸ் அடுப்பு மேடை இடுக்கிலும் பொட்டுப் பொட்டாக வையுங்கள். இரவில் எச்சில் பாத்திரம் போட்டு வைக்காதீர்கள், ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். கரப்பானுக்குத் தீனியைவிடத் தண்ணீர் முக்கியம். கரப்பான் செத்ததோடு நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அதன் எச்சமும் உதிர்ந்த ஓடும் பல மாதம் அலர்ஜி தரும். அலமாரியைக் காலி செய்து சோப்புத் தண்ணீரால் துடைத்தால்தான் வேலை முடியும்.

பூஞ்சைக்குச் சுவரின் மேல் பெயின்ட் அடிப்பது பணத்துக்குப் பிடித்த கேடு. ஒழுகல் எங்கே என்று பாருங்கள்: மாடித் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து பாத்ரூம், ஜன்னல் சட்டம். அதை அடைத்து, சுவர் காய்ந்தபின் சோப்பால் தேய்த்து எடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், காற்று ஓடட்டும். ஆஸ்துமா உள்ளவர் இருமும்போது பழுப்பு நிறச் சளிக் கட்டிகள் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலிலேயே குடியேறி அலர்ஜி தரும் ஒரு நிலை உண்டு. நம் நாட்டில் அது அபூர்வம் இல்லை. அதற்கு வேறு சிகிச்சை.

அப்பார்ட்மென்ட் பால்கனியின் புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள்; நனைத்து வழித்தெடுங்கள். புறாவால் வரும் நுரையீரல் நோய் பெரும்பாலும் ஆஸ்துமாவே இல்லை. வறட்டு இருமல், காய்ச்சல், எடை குறைதல், படியேறினால் மூச்சு வாங்குதல் என்று வரும், இழுப்புச் சத்தம் அவ்வளவாக இருக்காது. புறா இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பூனையின் அலர்ஜித் துகள் மிக நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். ஏர் ப்யூரிஃபையருக்கு ஏதாவது வேலை உண்டென்றால் இங்கேதான். பூனையைக் கொடுத்துவிட்டாலும் நான்கைந்து மாதம் வீட்டில் அதன் துகள் இருக்கும். ஒரே வாரத்தில் பலன் தெரியவில்லை என்று முடிவுக்கு வராதீர்கள்.

11. மகரந்தம்: கண்ணைப் பறிக்கும் பூ மேல் சந்தேகம் வேண்டாம்

ஜனவரி முதல் மார்ச் வரை தெருவெல்லாம் ரோஸ் நிற டபேபுயா பூத்துக் கிடக்கும்போது தும்மினால் எல்லோரும் மரத்தைக் காட்டுகிறார்கள். அழகான பூக்கள் பூச்சிகளுக்காகப் பூப்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது, தூரம் பறக்காது. காற்றை நம்பியிருக்கும் புல்லும் களையும் சவுக்கும் கண்ணில் படாமல் காரியம் செய்கின்றன.

பெங்களூருவில் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து காலி சைட். அங்கே இடுப்பளவு நிற்கும் வெள்ளைப்பூச் செடி பார்த்தீனியம். கன்னடக்காரர்கள் காங்கிரஸ் கிட என்பார்கள். மழைக்குப் பின் கிளம்பிச் சீக்கிரமே பூத்துவிடும். பூக்கும் முன் பிடுங்க வேண்டும், கையுறையோடு, அலர்ஜி இல்லாத ஆள். வெறுங்கையில் பிடுங்கிய எங்கள் வாட்ச்மேனுக்குத் தோலெல்லாம் வெடித்துவிட்டது.

முழு மகரந்தம் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். அதில் ஈரம் பட்டு வெடித்தால் வரும் பொடித் துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும். ஏப்ரல், மே மாத இடிமழைக்கு முந்தின காற்று அடிக்கும்போது ஜன்னலை மூடுங்கள், மண்வாசனையை ரசிக்க மாடிக்குப் போகாதீர்கள். 2016 நவம்பரில் மெல்போர்னில் ஒரே இடிமழைக்குப் பின் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். புல் மகரந்தம் அப்படித்தான் உடைந்து பரவியது.

12. ஆறு வாரம் கழித்து மறுபடி ஊதுங்கள்

மாற்றியவற்றின் தேதியைக் குறித்துவிட்டு, ஆறு வாரம் ஆனபின் படி 6-ஐ அப்படியே திரும்பச் செய்யுங்கள். காலை எண் ஏறி, ஏற்ற இறக்கம் குறைந்திருந்தால் சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். மாறவில்லை என்றால் பட்டியலில் அடுத்ததற்குப் போங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான்.

எண் நன்றாக இருக்கிறது என்று இன்ஹேலரை நீங்களாகக் குறைக்காதீர்கள். எண் நன்றாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டாக்டர்கள் பொதுவாக மூன்று மாதம் நிலையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அளவைக் குறைப்பார்கள். நோட்டைக் காட்டினால் அவர்களுக்கும் சுலபம்.

அலர்ஜி ஊசி அல்லது நாக்கடிச் சொட்டு பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு பொருள் தெளிவாகக் காரணம் என்று நோட்டும் டெஸ்டும் சொன்னால், ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் யோசிக்கலாம். மூன்று வருடமாவது எடுக்க வேண்டும். ஊசியைப் போட்ட உடனே வீட்டுக்குக் கிளம்பாமல் அரை மணி அங்கேயே உட்கார வேண்டும்; கடுமையான எதிர்விளைவு வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணியில்தான் வரும்.

காலண்டரில் மே மாதக் கடைசி ஞாயிறைச் சுழித்து வையுங்கள். மழை தொடங்கும் முன், வெயில் இருக்கும்போதே, ஸ்வெட்டரையும் ரஜாயையும் வேறு யாராவது பரணிலிருந்து இறக்கி, வெந்நீரில் துவைத்து, மாடியில் காயப்போட வேண்டும். காலை 10 மணிக்குள்.